குளிருக்கு விறகா? வெயிலில் வாங்குங்கள்!

பிப்ரவரி வந்துவிட்டது. ஊட்டியில் காலையில் புல்வெளி மேல் உப்பைத் தூவியதுபோல் கிடந்த உறைபனி குறைய ஆரம்பித்துவிட்டது. ஊரே ஸ்வெட்டரை மடித்து வைக்கலாமா என்று யோசிக்கும் இந்த நேரத்தில்தான் நான் விறகுக்கார அண்ணனுக்கு போன் போடுவேன்.

முதல் தடவை போட்டபோது சிரித்தார். “என்னங்கம்மா, குளிரு முடியற நேரத்துல விறகு கேக்கறீங்க? எல்லாரும் டிசம்பர்லதான் கேப்பாங்க.”

“அதனாலதாங்க அண்ணே இப்பவே கேக்கறேன்” என்றேன்.

இப்போது அவர் சிரிப்பதில்லை. “உங்க போனைத்தான் எதிர்பார்த்தேன்” என்கிறார்.

சமவெளியில் இருக்கும் வாசகர்கள், ‘கேஸ் அடுப்பு காலத்தில் விறகுக் கதையா?’ என்று நினைக்கலாம். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், விறகு இங்கே சமையலுக்கு மட்டும் இல்லை. ராத்திரி உடம்பு சூடாக இருக்கவும்தான். மலைக்குச் சுற்றுலா வரும் எல்லோருக்கும்கூட இந்தக் கட்டுரையில் ஒரு பகுதி உண்டு. அதை மட்டும் தவறாமல் படித்துவிடுங்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு என் வீட்டில் நடந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு டன் வாசனை

கணவருக்கு ஊட்டிக்கு மாற்றல். நாங்கள் மதுரைக்காரர்கள். எனக்கு விறகு என்றால் பாட்டி வீட்டு அடுப்பங்கரையும் சவுக்குக் கட்டையும்தான். வாடகைக்குக் கிடைத்த வீடு பழைய ஓட்டு வீடு. ஹாலில் கல் வைத்துக் கட்டிய கணப்பு. அதைப் பார்த்ததுமே பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மாமாவும் அத்தையும் எங்களோடுதான் இருந்தார்கள். அத்தைக்கு வீசிங் தொந்தரவு உண்டு.

டிசம்பர் முதல் வாரம் குளிர் தாங்க முடியவில்லை. ஒருவரிடம் சொல்லி ஒரு டன் கற்பூர விறகு வாங்கினோம். கற்பூர மரம் என்றால் இங்கே யூகலிப்டஸ். சமவெளியில் தைல மரம் என்போமே, அதேதான். பிக்கப் வண்டியில் வந்து இறங்கியது. வெட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பட்டையில் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா ஒரு கட்டையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இந்த வாசனைக்கே சளி ஓடிரும்மா” என்றார். மழை வந்தால் நனையக்கூடாதே என்று சுவரை ஒட்டித் தரையிலேயே அடுக்கி, தார்ப்பாயைத் தலை முதல் கால் வரை போர்த்திக் கயிறு கட்டினோம். ரொம்பப் பொறுப்பாகச் செய்ததாக நினைப்பு.

பற்றவைத்தால் கட்டை எரியவில்லை; அழுதது. இரண்டு முனையிலும் நுரை தள்ளி, ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம். ஹால் முழுக்கப் புகை. அத்தை இருமி இருமி ஓய்ந்துபோனார். மண்ணெண்ணெய் ஊற்றியும் பார்த்தோம் (செய்யவே கூடாத வேலை!). மூன்று நாள் இப்படிப் போனது.

நாலாவது நாள் கணவருக்கு ஒரு யோசனை. “புகைதானே பிரச்னை? கரியில புகையே வராதே!” என்று கடையில் அடுப்புக்கரி வாங்கி வந்தார். இரும்புச் சட்டியில் வெளியில் வைத்து நன்றாகத் தணலாக்கி, சாம்பல் பூத்ததும், மாமா அத்தை படுக்கும் அறையில் கொண்டுவந்து வைத்தார். துளிப் புகை இல்லை. அறை கதகதவென்று ஆகிவிட்டது. சூடு வெளியே போகாமல் இருக்க ஜன்னலைச் சாத்தி, கதவுக்குக் கீழே பழைய புடவையைச் சுருட்டி அடைத்தது நான்தான்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். தொம்மென்று ஒரு சத்தம். பாத்ரூம் போக எழுந்த அத்தை கதவருகே விழுந்து கிடந்தார். “தலை வெடிக்குதும்மா” என்றார், வாந்தி எடுத்தார். மாமாவை எழுப்பினால் முனகினாரே தவிர எழவில்லை. நாங்கள் முதலில் நினைத்தது பிரஷர் என்று. நல்லவேளையாக, பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்தார். உள்ளே கால் வைத்ததுமே, “சட்டியை வெளியே எடுங்க! ஜன்னலைத் திறங்க! ரெண்டு பேரையும் வாசலுக்குத் தூக்குங்க!” என்று கத்தினார். 108 வந்தது. ஆஸ்பத்திரியில் மறுநாள் மதியம் வரை இருவருக்கும் ஆக்சிஜன் கொடுத்தார்கள்.

டாக்டர் திட்டவில்லை. “இன்னும் ஒரு மணி நேரம் தூங்கியிருந்தா என்கிட்ட வந்திருக்க மாட்டாங்க” என்று மட்டும் சொன்னார்.

புகை இல்லாததுதான் பயங்கரம்

சுற்றுலா வருபவர்களும் படிக்க வேண்டும் என்று சொன்னது இந்தப் பகுதியைத்தான்.

தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து போகும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டே இருப்போம்; உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. ஈர விறகின் புகையாவது கண்ணைக் கரித்து நம்மை வெளியே விரட்டும். தணல் தாலாட்டித் தூங்க வைத்துவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியைக் குளிர்காலத்தில் நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கரிச்சட்டி, கும்மட்டி அடுப்பு, பார்பிக்யூ அடுப்பு… எதுவாக இருந்தாலும் புகைபோக்கி இல்லாத அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. ‘அணைஞ்சுபோச்சு’ என்று நினைத்தும் கொண்டுபோகக் கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதும் தப்பு.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி. இவை வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்தால், அதுவும் வெளியே போனதும் குறைந்தால், வாயுவாக இருக்கலாம் என்று உடனே சந்தேகப்படுங்கள். எல்லோரும் வெளியே வாருங்கள். 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். அதற்கு ஆக்சிஜனுக்கும் இந்த வாயுவுக்கும் வித்தியாசம் தெரியாது. நார்மல் என்றே காட்டிவிடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. கணப்பு இருக்கும் வீட்டில் ஒன்று மாட்டிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் தப்பு எங்கே ஆரம்பித்தது? கரிச்சட்டியில் இல்லை. டிசம்பரில் வாங்கிய பச்சை விறகில். அது ஒழுங்காக எரிந்திருந்தால் கரிச்சட்டிக்கு வேலையே வந்திருக்காது.

தண்ணீருக்குக் காசு

உடம்பு தேறியதும் மாமா செய்த முதல் காரியம், ஒரு பேப்பரும் பேனாவும் கேட்டது. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஆயிற்றே! அவர் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன்.

விறகு இங்கே எடை போட்டுத்தான் விற்பனை. புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். ஒரு டன் பச்சை விறகு வாங்கினால் 500 கிலோ மரம், 500 கிலோ தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகில் 20 சதவிகிதம்தான் ஈரம். அதே ஒரு டன்னில் 800 கிலோ மரம்.

விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காகப் பச்சை விறகு கிலோ 5 ரூபாய், காய்ந்தது 7 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் பச்சைதான் மலிவு. ஆனால் 5,000 ரூபாய்க்கு 500 கிலோ மரம்; அதாவது கிலோ 10 ரூபாய். காய்ந்தது 7,000 ரூபாய்க்கு 800 கிலோ மரம். கிலோ 8 ரூபாய் 75 காசு. ‘மலிவு’ விறகுதான் விலை அதிகம்! இது மட்டுமா? பச்சையாகவே எரித்தால், அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் ஒரு பகுதி வீணாகப் போகும். நமக்கு மிஞ்சுவது புகைதான்.

அப்படியென்றால் பச்சை விறகே வாங்கக் கூடாதா? வாங்கலாம், விலை நிஜமாகவே நன்றாகக் குறைந்தால், காயவைக்க இடமும் மாதங்களும் இருந்தால். அதற்குத்தான் பிப்ரவரி, மார்ச். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நீலகிரியில் வறண்ட காற்றும் நல்ல வெயிலும். அதன் பிறகு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டு மழைக்கும் முன்னால் விறகு வெயில் பார்த்துவிட வேண்டும்.

எவ்வளவு வாங்குவது? எங்கள் வீட்டுக்கு ராத்திரி மூன்று மணி நேரத்துக்குச் சுமார் 10 கிலோ. நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி பாதி வரை 90 நாள். ஆக, காய்ந்த விறகு 900 கிலோ. பச்சையாக வாங்கினால் அதற்கு ஏறக்குறைய ஒன்றரை டன் வேண்டும். உங்கள் வீட்டில் ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்து, இதேபோல் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் என்ன பார்ப்பது?

கட்டையின் முனை: காய்ந்த விறகின் வெட்டு முகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கும். நிறம் மங்கியிருக்கும். பட்டை தானாகக் கழன்று வரும்.

சத்தம்: இரண்டு கட்டையை ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். காய்ந்தது ‘டங்’ என்று கணீரெனக் கேட்கும். ஈரமானது ‘தொப்’.

உள்பக்கம்: வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் கட்டைகள்தான் ஏமாற்றும். ஒன்றிரண்டைப் பிளக்கச் சொல்லி, பிளந்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் ஈரம். ஈரப்பத மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. அதையும் புதிதாகப் பிளந்த முகத்தில்தான் குத்த வேண்டும். பட்டையிலோ பழைய முனையிலோ குத்தினால் குறைத்துக் காட்டும்.

எடை: ‘ஒரு லோடு’ என்று பேசாதீர்கள். தாறுமாறாகத் தூக்கிப் போட்ட லோடு பாதி காற்று. எடைமேடைச் சீட்டு கேளுங்கள். மழை பெய்த மறுநாள் எடை போட்டு வாங்காதீர்கள்.

பில்: நீலகிரி மாதிரி மலைப் பகுதிகளில் மரம் வெட்டுவதற்கு 1955-ம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. பட்டா நிலமாக இருந்தாலும் அனுமதி வேண்டும். காட்டிலிருந்து வந்த சோலை மரம் என்று தெரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். அந்தச் சோலைதான் நம் ஓடைகளுக்குத் தண்ணீர். 1843-ல் இந்த மலைக்கு வந்த கற்பூர மரத்தைப் பிற்பாடு பரவலாக நட்டதற்கு முக்கியக் காரணமே விறகுத் தட்டுப்பாடுதான். சோலையை வெட்டி வெட்டிக் கரைத்துவிட்டார்கள். அந்தத் தப்பை நாமும் தொடர வேண்டாம்.

எந்த மரம்? சீகை சீக்கிரம் காயும், நன்றாக எரியும். பிளந்து வைத்தால் ஆறேழு மாதத்தில் தயார். கற்பூரம் அடர்த்தி, நின்று எரியும், ஆனால் காய ஒரு வருடம்கூடப் பிடிக்கும். அதைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடச் சொல்லுங்கள்; காய்ந்த பிறகு கோடாலிதான் துள்ளும். எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் லேசான மரம், சட்டென்று பிடித்துச் சட்டென்று முடியும். பற்றவைக்க, கவாத்து செய்த தேயிலைக் குச்சியைப்போல ஒன்று கிடையாது.

அடுக்குவது ஒரு கலை இல்லை, ஒழுங்கு

நாங்கள் செய்த தப்புகளை எல்லாம் திருப்பிப் போட்டால் சரியான முறை வந்துவிடும்!

தரையில் வைத்தோம். வைக்கக் கூடாது. ஹாலோ பிளாக் கல் மேல் இரண்டு நீளக் கட்டையைப் போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அடுக்குங்கள். இல்லாவிட்டால் ஈரம் ஏறும், கரையானும் ஏறும்.

சுவரை ஒட்டி வைத்தோம். கூடாது. ஒரு முழம் இடைவெளி வேண்டும். காற்று போகவும் வேண்டும், கரையான் வீட்டுக்குள் வராமல் இருக்கவும் வேண்டும்.

தார்ப்பாயால் முழுதாக மூடினோம். அதுதான் பெரிய தப்பு. மரத்திலிருந்து வரும் ஈரம் உள்ளேயே வேர்த்து, விறகில் பூஞ்சை பிடித்துவிட்டது. மேலே மட்டும் மூடுங்கள். பக்கவாட்டில் திறந்தே இருக்கட்டும். இரண்டு தகர ஷீட்டைக் கொஞ்சம் சாய்வாகப் போட்டால் போதும். விறகைக் காயவைப்பதில் வெயிலைவிடக் காற்றுக்குத்தான் பங்கு அதிகம்.

பெரிய கட்டையாகவே வைத்தோம். மணிக்கட்டு முதல் முழங்கை கனம் வரை பிளந்துவிட வேண்டும். பட்டை ஒரு சட்டை மாதிரி. ஈரத்தை வெளியே விடாது. பிளந்தால்தான் காயும்.

அடுக்கு நெஞ்சு உயரத்துக்கு மேல் போக வேண்டாம். பிள்ளைகள் ஏறி விளையாடினால் சரியும். எடுக்கும்போது கையுறை போடுங்கள், தேள், பூரான் இருக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்து, கணப்பிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். நடு அடுக்கிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, சமையலறைத் தராசில் எடை போட்டு, அதன் மேலேயே சாக்பீஸால் எழுதி, திரும்ப அங்கேயே வைத்துவிடுவார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை இதே வேலை. எடை குறைந்துகொண்டே வரும். வெயில் நாளில், அடுத்தடுத்து இரண்டு தடவை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மீட்டர் வாங்கிய பிறகும் அத்தைக்கு அந்தச் சாக்பீஸ் கணக்கில்தான் நம்பிக்கை.

எரிக்கும்போது…

சீசனுக்கு முன்னால் வருடம் ஒரு முறை புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள். ஈர விறகின் புகை உள்ளே தார் மாதிரி படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். பறவைக் கூடு அடைத்திருந்தாலும் புகையும் வாயுவும் வீட்டுக்குள்தான் திரும்பும்.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதையும் போடாதீர்கள். நெருப்பை மூடி மூடிப் புகைய விடாமல், சின்னதாக, பளிச்சென்று எரிய விடுங்கள். தணல் இருக்கும்வரை புகைபோக்கித் தகட்டைச் சாத்தாதீர்கள். தூங்கப் போகும் முன் நெருப்பு அடங்கியிருக்க வேண்டும்.

சாம்பலை மூடியுள்ள தகர டப்பாவில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். உள்ளே ஒரு கங்கு ஒன்றிரண்டு நாள்கூட உயிரோடு இருக்கும். ஆறிய சாம்பலைக் காய்கறிப் பாத்திக்குக் கொஞ்சம் தூவலாம். தேயிலைச் செடிக்கு மட்டும் வேண்டாம். அது புளிப்பு மண்ணில் வளரும் செடி, சாம்பல் அதற்கு ஆகாது.

வீட்டில் புகைபோக்கியே இல்லை என்றால்? விறகும் வேண்டாம், கரியும் வேண்டாம். வெந்நீர்ப் பை, கம்பளி, முடிந்தால் எலெக்ட்ரிக் ஹீட்டர் போதும். வாடகை வீடு பார்க்கும்போதே கணப்பு வேலை செய்கிறதா என்று எரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த வருட விறகு அடுத்த வாரம் வருகிறது. சீகை ஒரு டன், கற்பூரம் அரை டன். கற்பூரத்தைப் பின்பக்கம் தனியாக அடுக்கி, ‘அடுத்த வருஷம்’ என்று சாக்பீஸால் எழுதிவிடுவோம். முன் வரிசை தீராமல் அதைத் தொட அத்தை விடமாட்டார்.

மாமா போன வருடம் தவறிவிட்டார், எண்பத்தி இரண்டு வயதில், சர்க்கரை வியாதியால். அந்த ராத்திரிக்குப் பிறகு எட்டு வருடம் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அந்த இரும்புச் சட்டி இன்னமும் இருக்கிறது. அதில் ஓட்டை போட்டு ஜெரேனியம் வைத்திருக்கிறோம். அத்தை மட்டும் இப்போதும் ராத்திரி படுக்கும் முன் கேட்டுவிடுவார்.

“சட்டி வெளியிலதானேம்மா இருக்கு?”

“வெளியிலதான் இருக்கு, அத்தை. நீங்க தூங்குங்க.”